தொடங்குவோர்க்குப் பழங்கருவி

கருவிகள் பழமையடையும் வேகம் இந்நாளில் மிகுந்துவிட்டது. ஒருவன் கைப்பேசியொன்றை வாங்கி அதன் இயல்பை முற்றும் அறிந்துகொள்ளுமுன்னரே, அதனினும் சிறந்ததென வேறொன்று கடைக்கு வந்து, முன்னையதைப் பயனற்றதெனக் கருதச் செய்கின்றது. இவ்வழக்கம் பொழுதுபோக்குக்குரிய கருவிகளையும் பற்றிக்கொண்டது. மண்ணுள் மறைந்து கிடக்கும் உலோகத்தை ஒலியால் அறிவிக்கும் கருவியொன்று உண்டு. மெட்டல் டிடெக்டர் என்பது அதன் பெயர். யாம் அதனை இக்கட்டுரையில் உலோகங்காட்டி என வழங்குவோம். நம் நாட்டார் இதனைப் பெரும்பாலும் விமான நிலையத்திலும் பெருங்கோயில் வாயிலிலும் காவலர் கையிற் கண்டிருப்பர். இங்கிலாந்திலோ, அறுவடை முடிந்த வயல்களிலும் கடற்கரை மணலிலும் இதனை ஏந்தித் திரிதல் பல்லாயிரவர் விரும்பும் பொழுதுபோக்காகும். அதனைக் கருப்பொருளாகக் கொண்ட நகைச்சுவைத் தொடரொன்று 2014ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வெளிவந்து பெரும்பெயர் பெற்றது என்றால், அம்மக்களிடை அது வேரூன்றியிருக்கும் நிலையை உணரலாம்.

இப்பொழுதுபோக்கிற் புதிதாகப் புகுவோர் வணிகரைக் கலந்து கேட்பின், இவ்வாண்டு வெளிவந்த கருவியையே வாங்குக என்னும் விடை கிடைக்கும். அவ்விடையில் வியப்பில்லை; விற்பதே அவர் தொழில். ஆயின் அனுபவமுடையோருட் சிலரும் அவ்வாறே கூறுகின்றனர். யாம் இதற்கு மாறான கொள்கையுடையோம். தொடங்குவோன் கையில் முதலில் இருக்கத்தக்கது இருபது முப்பது ஆண்டு உழைத்த பழங்கருவியே என்பதும், அதற்குரிய காரணம் விலைக்குறைவு மட்டுமன்று என்பதும் எம் துணிபு.

தமிழ் பயில்வோர்க்கு இயற்பியலில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இக்கருவியின் வரலாறு ஒரு துயரக்கதையில் தொடங்குவது. அதனை அறிந்துகொள்ள இயற்பியல் வேண்டியதில்லை. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்க நாட்டுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலினுள் தங்கிய குண்டு எவ்விடத்தது என்பது மருத்துவர்க்குப் புலப்படவில்லை. தொலைபேசியை ஆக்கிய அலெக்சாந்தர் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களைச் சமன்செய்து அமைத்த ஒரு கருவியைக் கொணர்ந்து தலைவர் உடல்மீது செலுத்திக் காதில் ஒலி கேட்டார். ஒலி தெளிவுபடவில்லை. நோயாளி கிடந்த படுக்கையின் அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தன. தலைமை மருத்துவரோ தாம் ஐயுற்ற வலப்பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். குண்டு இருந்தது இடப்பக்கத்தில். செப்டம்பர் 19ஆம் நாள் தலைவர் உயிர் நீத்தார். கருவி பொய் கூறவில்லை. அது தன் சுற்றிலுமுள்ள உலோகம் அனைத்தையும் கூறிற்று. கேட்போர்க்கு அச்சுற்றுப்புறம் விளங்கவில்லை. உலோகங்காட்டி பிடிப்போர் யாவரும் முதலிற் படிக்கவேண்டிய பாடம் இதுவே என யாம் கருதுகிறோம்.

பின்னர் செருமனியினின்று அமெரிக்கா சென்ற கெர்ஹார்டு பிஷர் என்பார், வானூர்திகட்குத் திசை காட்டும் கருவியில் ஏற்பட்ட பிழைகளை ஆராய்ந்து, அருகிலுள்ள உலோகமே அவற்றிற்குக் காரணமெனக் கண்டு, அப்பிழையையே பயனாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரிற் போலந்து நாட்டுப் படையதிகாரி யோசேப் கொசாட்ஸ்கி ஆக்கிய கண்ணிவெடிகாட்டி 1942இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய படைக்கருவிகள் மலிவாக விற்கப்பட, அவற்றை வாங்கியோரே இப்பொழுதுபோக்கின் முன்னோடிகள் எனலாம். ஆகவே பிறர் பயன்படுத்தித் தீர்ந்த கருவியோடு தொடங்குதல் இத்துறைக்குப் புதிதன்று. அதுவே அதன் மரபு.

இனிக் கருவியின் தொழிலைச் சுருங்கக் கூறுவோம். கோலின் அடியில் வட்டத்தட்டுப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் இரு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்றில் மாறுமின்னோட்டம் பாய, அதன் கீழ் மண்ணுள் மாறும் காந்தப்புலம் பரவும். அப்புலத்தில் காசோ ஆணியோ கிடப்பின் அதனுள் சுழல்மின்னோட்டங்கள் எழுந்து தமக்கென ஒரு சிறு புலத்தை உண்டாக்கும். மற்றைச் சுருள் அதனை ஏற்கும். அனுப்பிய அலைக்கும் ஏற்ற அலைக்கும் இடையே நேரும் காலத்தாழ்வு, வெள்ளிக்கு ஒருவாறும் இரும்புக்கு வேறுவாறும் அமையும். இவ்வேற்றுமையைக் கொண்டே, இரும்பை ஒதுக்கி ஏனையவற்றை மட்டும் ஒலிக்கச் செய்யும் கருவிகள் 1970களின் பிற்பகுதியிற் பரவின. அக்காலம் முதல் 1990கள் வரையில் வெளிவந்தவற்றையே ஈண்டுப் பழங்கருவி என்கிறோம். அவற்றில் இரண்டு மூன்று குமிழ்களும், சிலவற்றில் முள் அசையும் ஒரு சிறு மானியும் இருக்கும், அவ்வளவே. இக்காலத்துக் கருவியில் வண்ணத்திரை ஒன்று அமைந்து, மண்ணுள் கிடப்பது இன்னதாகலாம் என எண்ணாற் காட்டுகிறது. ஒரே வேளையில் பல அதிர்வெண்களை அனுப்பி ஆராய்கிறது. மண்ணின் கனிமத்திற்கேற்பத் தானே தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இவையெல்லாம் நன்மைகளே, மறுப்பாரில்லை. உவர்நீர் ஊறிய கடற்கரை மணலில் ஒற்றை அதிர்வெண்ணுடைய பழங்கருவி ஓயாது கூவித் தொல்லை தரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் தொடங்குவோனுக்கு அந்த எண்ணே இடையூறாகின்றது. திரையில் எண் தோன்றியவுடன் அவன் காது செயலொழிந்துவிடுகிறது. எண் உயர்ந்தாற் தோண்டுகிறான், தாழ்ந்தாற் கடந்துபோகிறான். தாழ்ந்த எண்ணில் வருவன யாவை? பானத் தகரக்குவளையின் திறப்பு வளையம், சாக்லேட் சுற்றிய அலுமினியத்தாள் முதலியன. அவற்றோடு அதே எண்ணில் வருவன மெல்லிய பொன்மோதிரமும், போர்க்களத்து ஈயக்குண்டும், இடைக்காலத்தில் சுத்தியலால் அடித்து அச்சிட்ட மெல்லிய வெள்ளிக்காசின் வெட்டுத்துண்டும் ஆம். கருவி உலோகத்தின் மின்கடத்து திறனையும் பருமனையும் ஒருசேர அளக்கிறதேயன்றி அதன் மதிப்பை அளப்பதில்லை. பொன்னும் அலுமினியமும் அதற்கு ஒருநிகரே. இவ்வுண்மையைத் திரை மறைக்கிறது. பழங்கருவி மறைக்க வழியின்றி வெளிப்படுத்துகிறது.

எம் சிறிய தந்தையார் கிழக்கு இங்கிலாந்தில் ஓர் ஊரில் வாழ்கின்றார். 1980களிற் செய்யப்பட்ட ஓர் உலோகங்காட்டியை அவர் ஒரு பழம்பொருட் சந்தையிற் பெற்று இன்றளவும் கைவிடாது வைத்திருக்கிறார். அதன் பிடியிற் சுற்றிய துணி மும்முறை மாற்றப்பட்டதென்பர். கோடைவிடுமுறையில் அவருடன் தங்கியிருந்தபோது யாம் அதனைக் கையாளும் வாய்ப்புப் பெற்றோம். முதல் நாள் முழுதும் அவர் கூறியது ஒன்றே: "தம்பி, முள்ளைப் பாராதே, கண்ணை மூடிக்கொண்டு கேள்." இரும்பு ஆணி முறிந்த ஒலியாய் விட்டுவிட்டுக் கரகரக்கும், காசு எத்திசையினின்று தட்டை வீசினும் மாறாத வட்டமான ஒலி தரும், தகரக்குவளை அகன்று பரந்து அலறும். சின்னாட்களில் இவ்வேற்றுமை செவிக்குப் பழகிவிட்டது. வல்லின மெல்லினப் பேறுபாட்டைச் செவியாற் பழகாமல் எழுத்தாற் பழகியவன் படும் பாட்டைத் தமிழ் மாணவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டா.

பழங்கருவி வாங்குவோர் கருத்திற் கொள்ளவேண்டியவற்றை, அவரிடம் கற்றபடி, சிறிது விரிவாகவே எழுதுகிறோம். வணிகர் இவற்றைக் கூறமாட்டார். முதலில் பாட்டரி அறையைத் திறந்து நோக்குக. உள்ளே பழைய பாட்டரி கசிந்து பச்சையோ வெண்மையோ படிந்திருப்பின் அது பெருங்குற்றமன்று. காடியிற் சிறிது தோய்த்த துணியால் முனைகளைத் துடைத்து உலர்த்தின் பெரும்பாலும் சரியாகும். ஆனால் அக்கசிவு உள்ளே சுற்றுப்பலகை வரை சென்றிருப்பின் அக்கருவியை விட்டுவிடுக. அடுத்துத் தட்டை விரலால் மெல்லத் தட்டுக. தட்டுந்தோறும் கருவி கூவின் உள்ளே சுருள் தளர்ந்திருக்கிறது; அதனைத் திருத்தல் அரிது. தட்டினின்று மேலேறும் கம்பிவடம் கோலிலே இறுகச் சுற்றியிருத்தல் வேண்டும். தளர்ந்து ஆடுமாயின் அவ்வாட்டமே பொய்யொலியைப் பிறப்பிக்கும். பலர் தம் கருவி பழுதென நினைந்து விற்றுவிடுவதற்கு இவ்வற்பக் காரணமே காரணம்.

தொழிற்சாலை மூடப்பட்டதெனின் அஞ்சவேண்டா. அமெரிக்காவில் அரிசோனாவிலிருந்த டெசோரோ நிறுவனம் 2018இலும், ஆரிகனிலிருந்த ஒயிட்ஸ் நிறுவனம் 2020இலும் தொழிலை நிறுத்திவிட்டன. ஆயினும் அவற்றின் கருவிகள் இன்றும் வயல்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. குறிப்புநூல் இல்லாத கருவியை வாங்குவோர், குமிழ்களின் தொழிலைத் தாமே ஆய்ந்தறிதல் கூடும்.

அவ்வாய்வு வீட்டினுள் செய்யத்தக்கதன்று. குழல்விளக்கும், தரையினுள் ஓடும் மின்கம்பியும், சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் கருவியை அலைக்கழிக்கும். திறந்த வெளியில், கைப்பேசியை அப்பால் வைத்து, உணர்வுக்குமிழை நடுவிலே நிறுத்தி, தட்டை நிலத்தினின்று உயர்த்திப் பிடித்து, ஒரு காசை அதன் முன் அசைத்துப் பார்க்க. பின்னர் ஓர் ஆணி. பின்னர் ஒரு மோதிரம். பின்னர் ஒரு திறப்பு வளையம். பழங்கருவிகளிற் பல, தட்டு அசைந்துகொண்டேயிருந்தால் மட்டும் ஒலிக்கும். சில, அசைவின்றி நின்றாலும் ஒலிக்கும். எவ்வகையதென முதலிலேயே அறிந்துகொள்ளாவிடின் ஒரு நாள் முழுதும் வீணாகும். அதன்பின் தோட்டத்தின் ஒரு மூலையில் இக்காசுகளை நான்கு விரல், எட்டு விரல், ஒரு சாண் எனப் பல ஆழங்களிற் புதைத்து அடையாளம் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் தட்டை வீசிக் கேட்க. இங்கிலாந்தில் 1992க்குப் பின் அச்சிட்ட பென்னிக் காசுகள் செம்பு பூசிய எஃகு என்பதும், அதற்கு முந்தியவை வெண்கலம் என்பதும் இத்தோட்டத்திலேயே காதுக்கு விளங்கிவிடும். ஒரே உருவும் ஒரே நிறமும் உடைய இரு காசுகள் இருவேறு குரலிற் பேசுதல் கேட்போர்க்குப் பேரின்பம்.

மண்ணைச் சமன்செய்தல் என்பது அடுத்த கலை. மண்ணிலுள்ள இரும்புக் கனிமமும் கருவிக்கு உலோகமாகவே தோன்றும். உலோகமற்ற ஓரிடத்தில் தட்டை முழங்கால் உயரத்தினின்று தரைவரை ஏற்றியிறக்கிக் கொண்டே அதற்குரிய குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்புக. தாழும்போதும் உயரும்போதும் ஒலி மாறாது நிற்குமிடமே சமனிலை. புதிய கருவி இதனைத் தானே செய்துகொள்ளும் என்றோம். செய்துகொள்ளட்டும்; ஆனால் அதனைக் கையாற் செய்தவனே, வயலின் ஒரு பகுதியினின்று மறுபகுதிக்குச் செல்லும்போது மண்ணே மாறுகிறது என்பதை உணர்வான். எரிந்த அடுப்பின் சாம்பலும் செங்கற்பொடியும் கலந்த இடத்திற் சமனிலை குலையும். அங்கே மக்கள் வாழ்ந்திருக்கின்றனர் என்பதற்கு அஃது ஓர் அறிகுறி. திரையை நோக்கி நடப்பவன் இவ்வறிகுறியைப் பெறுவதில்லை. பின், இரும்பொதுக்கும் குமிழ் எவ்வளவு வைக்கத்தக்கதெனில், மிகக் குறைந்த அளவே. அதனை ஏற்ற ஏற்றப் பொன்னும் ஒதுங்கிவிடும். ஹெட்போன் அணிதல் இன்றியமையாதது. வாயாடும் காற்றில் மெல்லொலி கேளாது.

தட்டை வீசுங்கால் தரைக்கு ஒட்டி, இருபுறமும் மேலெழாது, ஒன்றன்மேல் ஒன்று சிறிது பொருந்துமாறு வீசுக. ஒலித்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வீசி நடுவை உறுதிசெய்க. புல்தரையாயின் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, கரணை ஒரு மூடியைப் போல் மடித்துத் திறந்து, எடுத்தபின் மண்ணை இட்டு மூடி மிதித்துவிடுக. குப்பையாயினும் எடுத்ததைப் பையிலிட்டுக்கொண்டு வருக. துருப்பிடித்த குண்டு போன்ற எதுவும் தென்படின் தொடாது விலகிக் காவலர்க்கு அறிவிக்க. உலகப்போர்க் காலத்து வெடியாத குண்டுகள் அந்நாட்டு மண்ணில் இன்னும் உள.

பழங்கருவிக்கு எதிராகத் தொல்பொருளறிஞர் சிலர் கூறும் தடையொன்று உண்டு. இரும்பையும் குப்பையையும் நன்கு பிரித்தறியாத கருவி, தேவையற்ற குழிகளைத் தோண்டச் செய்கிறது. எனவே நிலத்துக்குத் தீங்கு மிகுதி என்பர். இது வெற்றுரையன்று; நன்கு எண்ணத்தக்கது. புல்தரையிலும் பழைய மேய்ச்சல் நிலத்திலும் இத்தடை பொருந்தும். அங்கே தொடங்குவோன் செல்லாதிருத்தலே நன்று. ஆண்டுதோறும் உழப்படும் வயலிலோ நிலைமை வேறு. ஏர் ஏற்கெனவே புரட்டிய மேல்மண்ணில் பொருள்கள் தம் பழைய இடத்தினின்று பெயர்ந்தே கிடக்கின்றன. அங்கே ஒரு சிறு குழி புதிதாக எதனையும் குலைப்பதில்லை. உழுமண்ணின் கீழுள்ள, யாரும் தீண்டாத அடுக்குகளே ஆராய்ச்சியாளர்க்கு உயிர். பழங்கருவி தனிக்காசு ஒன்றை ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்திற்குள்தான் காட்டும். அதற்கப்பால் அது ஊமை. விளம்பரங்கள் ஆழத்தையே பெருமையாகப் பேசுகின்றன. பயிற்சியற்றவன் கையில் ஆழம் எதற்கு? அவன் எட்டக்கூடாத இடத்தை எட்டாதிருக்கும் கருவியே அவனுக்கு உரியது என்கிறோம்.

குப்பை என்பதும் நாம் இட்ட பெயரே. அமெரிக்காவில் மொந்தானா நாட்டு லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் 1876இல் நிகழ்ந்த போர்க்களம் 1983இல் தீயால் எரிந்து புல் நீங்கியது. அடுத்த ஆண்டு ஆராய்ச்சியாளர், உலோகங்காட்டி பிடித்த தொண்டர்களை வரிசையாக நிறுத்தி நடத்தி, ஒலித்த இடந்தோறும் சிறு கொடி நட்டு, எடுத்த ஒவ்வொரு தோட்டாக் கூட்டின் இடத்தையும் அளந்து குறித்தனர். ஒரே துப்பாக்கியின் குத்தூசி பதிந்த கூடுகள் கிடந்த இடங்களைத் தொடர்ந்து செல்ல, வீரர் ஒருவர் களத்தில் நகர்ந்த வழியே புலனாயிற்று. இங்கிலாந்தில் 1485இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் மடிந்த பாஸ்வொர்த் போர்க்களம், மரபாகக் காட்டப்பட்ட குன்றினின்று ஏறத்தாழ 2 மைல் அப்பால் உள்ளதென, 2005க்குப் பின் நடந்த தேடலில் தெரியவந்தது. அதனைத் தெரிவித்தவை பொற்குவியல் அல்ல, ஈயக்குண்டுகளே. அவற்றோடு அம்மன்னனின் சின்னமாகிய பன்றியுருவம் பொறித்த வெள்ளிப்பொட்டொன்றும் கிடைத்தது. அவ்வீயக்குண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சென்றிருப்பின் களம் இன்றும் பழைய இடத்திலேயே நின்றிருக்கும்.

இரு புதையல்களைக் குறிப்பிடாது இப்பொருளை எழுதுதல் இயலாது. 1992 நவம்பர் 16ஆம் நாள், சபோக்கிலுள்ள ஹாக்சன் என்னும் சிற்றூரில், உழவர் ஒருவர் வயலில் தவறவிட்ட சுத்தியலைத் தேடித்தர எரிக் லாஸ் என்னும் ஓய்வுபெற்ற தோட்டக்காரர் சென்றார். பணிநீங்கியபோது பரிசாகப் பெற்ற உலோகங்காட்டி அவர் கையிலிருந்தது. சுத்தியலுக்குப் பதிலாக உரோமர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் வெளிப்பட்டன. சில எடுத்தவுடன் அவர் தோண்டலை நிறுத்தி உரியவர்க்கு அறிவித்தார். மறுநாள் ஆராய்ச்சியாளர் வந்து முறைப்படி எடுத்தனர். 14,865 காசுகளும் ஏறத்தாழ 200 பிற பொருள்களும் கிடைத்தன. பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த நிலை குலையாதிருந்தமையால், மரத்தால் ஆய பெட்டி மக்கிய பின்னரும் அதன் உள்ளமைப்பை அறிய முடிந்தது. அவர் பெற்ற வெகுமதி 17,50,000 பவுன். அதனை உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பொன்னைக் கண்ட கை பின்னும் தோண்டாது நின்றதே, அந்நிறுத்தமே இந்நிகழ்ச்சியில் எம்மைக் கவர்வது.

2009 ஜூலை 5ஆம் நாள் ஸ்டாபோர்ட்ஷயர் நாட்டு வயலொன்றில் ஏழாம் நூற்றாண்டுக்குரிய பொற்பொருள்களைக் கண்ட டெரி ஹெர்பர்ட் கையில் இருந்ததும் பழங்கருவியே எனச் செய்தித்தாள்கள் வியந்தெழுதின. வாளுறையும் வாட்பிடியும் அணிசெய்த பொற்றுண்டுகள் முதலாக 4,600க்கு அணித்தான துண்டுகள்; மதிப்பு 32,85,000 பவுன். அக்கருவியின் விலைக்கும் அப்பொருளின் விலைக்குமுள்ள விகிதத்தைக் கணக்கிடுவோர் எம் கணித நண்பராயின் கணக்கிட்டுக்கொள்க. யாம் இதனை எடுத்துக்காட்டுவது ஆசை மூட்டுதற்கன்று. பல்லாண்டு நடந்தோருள் ஆயிரத்தில் ஒருவர்க்குத் தானும் இத்தகையது வாய்ப்பதில்லை; வாய்ப்பன பொத்தான்களும் கொக்கிகளுமே.

இவற்றிற்கு மாறாக, 2015இல் ஹெரபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங்கு காலத்துப் புதையலொன்றைக் கண்டு அறிவியாது மறைத்தனர். ஏறத்தாழ 300 எனக் கருதப்படும் காசுகளில் மீண்டவை 31 மட்டுமே. அவற்றிற் சில, ஆல்பிரெட் மன்னனும் அண்டை நாட்டு மன்னனும் ஒருங்கு ஆண்ட உறவைப் பற்றிய வரலாற்றையே மாற்றத்தக்கன. எஞ்சியவை எங்கே சிதறின? சிதறியவை காசுகள் மட்டும் அல்ல. அவ்விருவர்க்கும் 2019இல் நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதனால் வரலாறு மீளவில்லை. இத்தகையோரை எண்ணியே 1980இல் அந்நாட்டுத் தொல்பொருளறிஞர் இப்பொழுதுபோக்கையே நிறுத்தவேண்டுமெனப் பேரியக்கம் நடத்தினர். அவர் சினம் நியாயமானதே. ஆயினும் தடைசெய்வதிலும், அறிவித்தவனைப் பாராட்டி அவன் அறிவிப்பதைப் பதிவுசெய்வது பயன்மிக்கதெனப் பின்வந்தோர் கண்டனர். 1997இல் தொடங்கிய பதிவுத்திட்டத்தில் இன்று 15 இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி தனியார் கையிலிருந்த உலோகங்காட்டிகள் தந்தவை.

சட்டம் இன்னதென அறியாது கருவியைக் கையிலெடுத்தல் கூடாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலத்துக்குரியோர் உடன்பாடின்றித் தேடுதல் சட்டத்துக்கு மாறானது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள், நிலத்துக்குரியோரே இசைந்தாலும், அரசின் இசைவின்றிக் கருவியைப் பயன்படுத்தலாகாதென 1979ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்டதாய்ப் பத்தில் ஒருபங்காயினும் பொன் வெள்ளி கலந்த பொருளைக் கண்டோர், 14 நாளைக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். 2023 முதல், 200 ஆண்டுக்கு மேற்பட்டு வரலாற்றுச் சிறப்பு மிக்க பிற உலோகப் பொருள்களும் அச்சட்டத்துள் அடங்கின. வடஅயர்லாந்தில் தொல்பொருள் தேட உரிமம் வேண்டும். வயலில் மறைந்த பொக்கிஷத்தைக் கண்டவன் அதனை மூடி வைத்துவிட்டுப் போய், தனக்குண்டானவற்றை விற்று அவ்வயலை வாங்கினான் என வேதாகமத்தில் வரும் உவமையை நம் கல்லூரியார் அறிவர். அவ்வுவமையின் பொருளில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அம்மனிதன் இன்று இங்கிலாந்தில் இருந்திருப்பின் 15ஆம் நாள் காவலர்க்கு விடைகூற வேண்டியவனாவான்.

நம் நாட்டில் இப்பொழுதுபோக்கைத் தொடங்கலாமோ என இதனைப் படிக்கும் இளையோர் வினவுவர். யாம் ஊக்கப்போவதில்லை. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையற் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணுள் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருளின் மதிப்பு 10 ரூபாயைக் கடப்பின், கண்டவன் மாவட்ட கலெக்டர்க்கு எழுத்தால் அறிவித்தல் கடமை, மறைத்தல் தண்டனைக்குரியது. இதனோடு 1958ஆம் ஆண்டின் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் சேர்கின்றன. இங்கிலாந்திலுள்ளது போன்ற பதிவுத்திட்டமும், கண்டதைக் கொண்டுபோய்க் காட்டத்தக்க அதிகாரி மாவட்டந்தோறும் இருத்தலும் இங்கில்லை. அவை அமையாதவரை, நம் மண்ணில் வீசப்படும் தட்டு கள்வர்க்கே துணையாகும்.

ஆயின் மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ இங்கிலாந்து சென்று வாழும் நம் பழைய மாணவர்க்கு இத்தடையில்லை. அவர்க்கு எம் வேண்டுகோள்: பழம்பொருட் சந்தையிலே ஒரு பழங்கருவி, ஒரு குறிப்பேடும் எழுதுகோலும், அருகிலுள்ள உழவரிடம் சென்று தொப்பியைக் கழற்றிக் கேட்கும் துணிவு. வயலின் பெயரும் நாளும் கண்ட இடமும் ஒலியின் இயல்பும் குறிப்பேட்டில் முதலில் ஏறட்டும். எடுத்த பொருள் அதன்பின் பையிற் புகட்டும். குளிர்காலத்தில் உழுது மழை நனைந்த மண்ணே தேடுதற்கு ஏற்றதென்பர் எம் சிறிய தந்தையார். ஈரமண்ணில் ஒலி தெளிவாக எழுகின்றது என்பது அவர் அனுபவம்.